பதினொரு சதவீதம்

பத்துக்குள் இருக்க வேண்டும்.
எனக்குப் பதினொன்று.

நூலகத்து மேல்மாடிக் கணினி
என் ஆய்வேட்டை இரவெல்லாம் மென்று
காலையில் துப்பிய அறிக்கை.
அடுத்தவர் எழுத்தோடு ஒத்துப்போகும் இடமெல்லாம் சிவப்பு.

பயந்த இடத்தில் சிவப்பில்லை.
மாடக்குளம் கண்மாயில்
பத்து மாதம் நான் எண்ணிய நத்தைகள்
என் நத்தைகளாகவே இருந்தன.
செய்முறைப் பகுதியில் இரண்டொரு வாக்கியம்,
அதை எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள்.
மொத்தமாய்ச் சிவந்து கிடந்தது
நன்றியுரை.

'இவ்வாய்வினைச் செவ்வனே நிறைவுசெய்ய
எல்லா வகையிலும் உறுதுணையாய் இருந்த'
இந்த ஒரு வரிக்கு மட்டும்
நாற்பத்து மூன்று ஆய்வேடுகளில் பங்காளிகள்.
என்னைப் பெற்றவர்களை
எனக்கு முன்பே யாரோ எழுதி வைத்திருந்தார்கள்.

"நன்றியைத் தூக்கிரும்மா,"
மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்
பிரிவு எழுத்தர் தவமணி.
"அது கட்டாயமில்ல.
உறுதிமொழி கட்டாயம். வழிகாட்டி சான்றிதழ் கட்டாயம்.
மூணு பிரதி, கறுப்பு ரெக்சின், தங்க எழுத்து.
பாக்கியில்லைன்னு ஒன்பது கையெழுத்து.
வெள்ளி நாலு மணி. நாலு அஞ்சுன்னா
அடுத்த பருவத்துக்குப் பணம் கட்டணும்."

ஒன்பதில் எட்டு வாங்கியிருந்தேன்.
விடுதி உணவகத்துக்கு நூற்று நாற்பது ரூபாய் கட்டி,
ஆய்வகத்துக்கு உடைத்த பீக்கருக்குப் புது பீக்கர் வைத்து.
விளையாட்டுத் துறையில்
நான் ஒருநாளும் தொடாத இறகுப்பந்து மட்டையை
நான் திருப்பிக் கொடுத்துவிட்டதாகவே எழுதித் தந்தார்கள்.

வியாழன் மதியம் சிம்மக்கல்.
பைண்டிங் கடையில் பசை வாளிக்குப் பக்கத்து ஸ்டூல்.
"நூலைப் போட்டுட்டா பக்கம் மாத்த முடியாது, பாத்துக்க"
என்றார் கடைக்காரர் சையது இபுராகிம்
ஊசியில் நூல் கோத்தபடி.
எடுத்துவிடச் சொல்லத்தான் வாய் திறந்தேன்.

"அரை மணி நேரம் குடுங்க பாய்" என்று வந்தது.

மாசி மாதம்.
அறைத்தோழி ஜெனிபாவின் ரோஸ் நகப்பூச்சால்
இருநூறு நத்தை முதுகில் எண்ணெழுதிக்
கண்மாயில் திரும்ப விட்டேன்.
அடுத்த எண்ணிக்கையில் முப்பத்தொன்று குறைந்தது.
'இறப்பு அல்லது இடப்பெயர்வு' என்று
அட்டவணையில் எழுதிவிட்டுக் கரையேறினால்
தூக்குவாளியோடு நிற்கிறார் பஞ்சவர்ணம்.
பெயரை அப்புறம்தான் கேட்டேன்.

"கறிக்கு அள்ளுனதுல சாயம் பூசுனது கெடந்துச்சு.
எந்தப் புள்ளையோ அடையாளம் வச்சிருக்குன்னு
ஈரச்சாக்குல போட்டு வச்சேன்.
நாலு மட்டும் கொழம்புக்குப் போயிருச்சுத்தா.
மங்கலா இருந்துச்சு, கவனிக்கல."

வாளிக்குள் இருபத்தேழு.
உயிரோடு.
எழுபத்தெட்டாம் எண் விளிம்பில் ஏறிக்கொண்டிருந்தது.

சையது பாயின் பில் புத்தகத்தைக் கவிழ்த்துப் போட்டு
பின்பக்கத்தில் எழுதினேன்:
என் நத்தைகளைத் தன் சட்டியிலிருந்து பொறுக்கி எடுத்த
பஞ்சவர்ணத்துக்கு.
மிச்ச நகப்பூச்சைத் திருப்பிக் கேட்காத ஜெனிபாவுக்கு.
'குழம்பு' என்ற சொல்லை அட்டவணை ஆறிலிருந்து
நீக்கச் சொல்லாத என் வழிகாட்டி கலாவல்லிக்கு.
அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எழுத
ஐந்து முறை தொடங்கி அடித்தேன்.
கடைசியில் பெயர்களை மட்டும் வைத்தேன்:
வீரணன், செல்லப்பொண்ணு.

மாலைக்குள் மறுபடி மென்றது கணினி.
ஆறு சதவீதம்.
ஒன்பதாம் கையெழுத்து விழுந்தது:
இவரிடமிருந்து எதுவும் வரவேண்டியதில்லை.

வெள்ளி மூன்றே முக்கால்.
தவமணி சார் மூன்று பிரதிகளிலும் முத்திரையிடங்களைத் தேடியவர்
அந்தப் பக்கத்தில் நின்றுவிட்டார்.
வரிசையில் எனக்குப் பின்னால் யாரோ செருமினார்கள்.

"எப்படி இருந்துச்சாம்?"

"எது சார்?"

"கொழம்பு."

"கேக்கலையே சார்."

"கேட்டிருக்கணும்," என்று
ஓங்கிக் குத்தினார் தேதியை.