மஞ்சள் பிரதி

இரண்டு புள்ளிக்குச் சாய்கோடு.
மூன்றென்றால் இலக்கத்தைச் சுற்றி ஒரு வட்டம்.
ஃப்ரீ த்ரோவுக்குக் கறுப்புப் பொட்டு.
பதினேழு வருடமாக இப்படித்தான்
யூஜினியை நான் எழுதிவருகிறேன்.

முதல் தாளில் இருவரும் இருந்தோம்.
கொட்டாஞ்சேனைக் கொன்வென்ற், பதினைந்து வயதுக்குக் கீழ்.
அவள் நாலு, நான் பதினைந்து.
இறங்கி ஆடியவளின் பெயருக்கு நேரே
ஒரு பெருக்கல் குறி போடுவார்கள்.
என் பெயருக்கு நேரே கடைசிவரை வெள்ளை.
"எழுத்து வடிவாயிருக்கு, மேசையில போய் இரு"
என்றார் சிஸ்டர் கொன்சலாற்றா.
போனேன்.
இன்னும் எழும்பவில்லை.

புளூமெண்டல் வீதி மாடிவீட்டின் வாகனத் தரிப்பிடத்தில்
இரவு ஒன்பதுக்குப் பிறகும் பந்து தட்டுவாள்.
இன்னொருமுறை சத்தம் கேட்டால் குத்திவிடுவேன்
என்றார் மூன்றாம் மாடி வின்சன்ற் அங்கிள்.
குத்தினார்.
சைக்கிள் கடையில் கொடுத்து ஒட்டுப் போட்டாள்.
ஒட்டு நிலத்தில் பட்டால் பந்து இடதுக்கு ஓடும்.
அவளது இடது கையைப் பற்றிப் பின்னால்
பத்திரிகையில் என்னென்னவோ எழுதினார்கள்.
வின்சன்ற் அங்கிளை ஒருவரும் எழுதவில்லை.

சுகததாச உள்ளரங்கில் பத்தொன்பது வயதினருக்கான இறுதி.
முப்பத்தொரு புள்ளி.
கடைசிக் காலில் என் நீலப் பேனை தீர்ந்துபோய்
எதிரணி மனேஜரிடம் கடன் வாங்கி
அவர்கள் தோற்றதை அவர்களின் மையாலேயே எழுதினேன்.

அடுத்த மாதம் கொள்ளுப்பிட்டியில்
ஒரு காப்புறுதிக் கம்பனி அவளை எடுத்தது.
வாகன நட்டஈட்டுப் பிரிவு.
சம்பளம் வந்தது, கதிரை இருந்தது.
கதிரையில் மற்றவர்கள் குடை காயவைத்தார்கள்.

பிறகு மாலைதீவு.
இரண்டரை மாத ஒப்பந்தம், டொலரில்.
ஒன்றரை மணித்தியாலம் பறந்தால்
கொட்டாஞ்சேனைக்காரியும் வெளிநாட்டு வீராங்கனை.
திரும்பும்போது எனக்கு இரண்டு கிலோ மாசி.
நாலாம் குறுக்குத் தெருவில் இதைவிட மலிவு என்று
நான் சொல்லவில்லை.

மூன்றாவது சீசனில்
இறங்கிய கால் இறங்கிய இடத்திலேயே நின்றது,
உடம்பு மட்டும் திரும்பியது.
ஆடாத நாளுக்குக் காசில்லை என்று
ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் இருந்ததாம்.
ஃப்ரிட்ஜுக்கென்று சேர்த்தது முழங்காலுக்குள் போனது.
அவளின் அம்மா இன்னும்
பக்கத்து வீட்டில்தான் மீன் வைக்கிறா.

பதினாலு மாதம்.
பிறகு வந்தாள்.
கம்பனி லீக், பி பிரிவு.
கதிரையில் இப்போது உண்மையாகவே இருக்கிறாள்,
நொறுங்கிய பம்பர்களின் படம் பார்க்கிறாள்,
ஐந்தரைக்கு முழங்கால் பட்டியைக் கட்டிக்கொண்டு ஓடிவருகிறாள்.

போன சனிக்கிழமை.
எதிரணி ஒன்பதாம் இலக்கம், பத்தொன்பது வயதிருக்கும்,
இவளைக் கடந்து போனது.
இரண்டாம் தரமும் போனது.
மூன்றாம் தரம் யூஜினி பெனியனைப் பிடித்து இழுத்தாள்.
விசில்.
எழுதுகிறவளே தூக்கியும் காட்டவேண்டும்:
ஐந்து என்று எழுதிய மட்டையைத் தூக்கினேன்.
அவள் என்னைப் பார்க்கவில்லை.
வாங்கின் அந்தத்தில் போயிருந்து
ஒரு சொக்ஸைக் கழற்றி, பிறகு திரும்பப் போட்டாள்.

ஆறு புள்ளியால் தோல்வி.
தடித்த கோடிழுத்து நிரல்களை மூடிக்கொண்டிருந்தேன்.
மேசைக்கு வந்தாள். வியர்வையும் சித்தாலேப மணமும்.
"எங்க சைன் வைக்கிறது?"
"அது ஆட்சேபம் இருந்தா கப்டன் வைக்கிற இடம்டி.
நீ கப்டனும் இல்ல."
"பேனையத் தா."

றெஃபரி ஃபோனில் யாருக்கோ
வத்தளைக்கு வரும் வழி சொல்லிக்கொண்டிருந்தார்.
தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு
முழுப்பெயரும் வைத்தாள்.

வெள்ளைத் தாள் சங்கத்துக்கு.
இளஞ்சிவப்பு வென்றவர்களுக்கு.
தோற்றவர்களுக்கு மஞ்சள்.
அதில்தான் எப்போதும் எழுத்து மங்கல்,
பெயர்கூட வாசிக்க முடியாது.
அன்று அவளது கையெழுத்து
பின்பக்கத்தைத் தடவினாலும் விரலுக்குத் தெரிந்தது.

அவர்களின் கோச் கேட்டபோது
கிழிஞ்சுபோச்சு என்றேன்.