பதினாலு தலை

மினிபஸ் கதவடியில் நின்று டெஸ்மன் எண்ணினான்.
விரல் நீட்டவில்லை, மோவாயால்
ஒவ்வொரு தலைக்கும் ஒரு சின்ன வெட்டு.
பதினாலு.

பதினேழு வருஷம் வங்கியில் காசு எண்ணுகிறேன்.
என்னை ஒருவர் எண்ணியது
இதுதான் முதல் தடவை.
கட்டில் செருகிய தாள்போல
நேராக உட்கார்ந்துகொண்டேன்.

கண்டியிலிருந்து இரவு முழுக்க ஓட்டம்.
முன்பின் அறியாதவர்களின் குறட்டை
மாங்குளம் தாண்டுமுன் பழகிவிட்டது.
மலை எங்கே முடிந்ததென்று பார்க்காமல் விட்டேன்.
விடிந்தபோது பனைகள்,
ஒளிந்துகொள்ள ஒரு வளைவும் இல்லாத றோட்டு.

கூட்டமாய்ப் போனால் ஊரை
முன்னால் நிற்பவரின் தோளுக்கு மேலால்தான் பார்க்கலாம்.
கோட்டை எனக்கு ஒரு குடைக்கம்பிக்கும்
யாரோ ஒருவரின் காதுக்கும் நடுவில் கிடைத்தது.
சந்தையில் புழுக்கொடியல் கடித்து
ஓய்வுபெற்ற தபால் அதிபருக்குப் பல் ஆடியது.
அதன்பிறகு எல்லோரும்
ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டோம்.

சின்னக்கடையில் கருவாடு நிறுத்தவள் கேட்டாள்:
"இந்தியாவோ பிள்ளை?"
"ஹற்றன்."
"கதை வேறமாதிரிக் கிடக்கு, அதுதான்."
நிறுவையில் ஒரு பிடி கூடப் போட்டாள்.
நான் பேசுகிறேன், அவள் கதைக்கிறாள்.
மறுநாள் ஓட்டோக்காரர் கேட்டார்,
தோசைக்கடைப் பையன் கேட்டான்.
அவன் ஊற்றிய தேத்தண்ணியில்
எங்கள் மலையின் சாயம்.
தேயிலையிடம் எந்த ஊர் என்று
அவன் கேட்கவில்லை.

என் அறையில் சவுமு.
மலிந்தி என்ற கடற்கரை ஊர்த் தாதி,
பேராதனையில் ஆறு மாதப் பயிற்சி.
அவளிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.
பக்கத்தில் வந்து நின்று
படம் எடுத்துக்கொண்டு போவார்கள்.
இரவு கால்களைச் சுடுநீரில் வைத்தபடி
இன்றைக்கு இருபத்திரண்டு என்றாள்.
அவளும் எண்ணுகிறவள்.

மூன்றாம் நாள் குறிகட்டுவான், படகு, நெடுந்தீவு.
சவுமுவைத் தவிர எல்லோருக்கும் வயிறு புரட்டியது.
தீவில் ஒரு பட்டா லொறியின் பின்தட்டில்
மாடுகளைப் போல நின்று போனோம்.
பவளக்கல் வேலிகள், தூரத்தில்
எங்களைச் சட்டை செய்யாத குதிரைகள்.

பிறகு அந்த மரம்.
யானை வயிற்றுச் சாம்பல் நிறம்,
உள்ளே நாலு பேர் நிற்கக்கூடிய பொந்து.
"பெருக்கு," என்றான் டெஸ்மன்,
"ஆபிரிக்காவில இருந்து அரபுக்காரர் கொண்டுவந்ததெண்டு சொல்லுவினம்.
இப்ப எங்கட மரம்."

சவுமு படம் எடுக்கவில்லை.
செருப்பைக் கழற்றிவிட்டு
மரத்தைச் சுற்றிக் குனிந்து தேடினாள்,
தோடு தொலைத்தவள்போல.
பற்றைக்குள்ளிருந்து எடுத்தாள்
எலிமயிர் போர்த்த ஒரு காய்ந்த காய்.
கல்லில் ஒரு குத்து.
உள்ளே வெள்ளை மா, அதற்குள் விதைகள்.
ஒன்றைத் தன் வாயில் போட்டு
ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தாள்.
"ம்புயு," என்றாள்.
பள்ளிக்கூட வாசலில் சிவப்புச் சாயம் தோய்த்து
கடதாசிச் சுருளில் விற்பார்களாம்.

புளி. பல் கூசி, பிறகு மெல்ல இனித்தது.
பதினொரு வருஷம் சனங்களைக் கொண்டுவந்து காட்டிய டெஸ்மன்
விதையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு
நெடுநேரம் பேசாமல் நின்றான்.
"இது தின்னலாமெண்டு
எங்களுக்கு ஆரும் சொல்லேல்லை."
சவுமு அவனுக்கு இன்னொன்று கொடுத்தாள்.

திரும்பும் படகில் அவன் எண்ணும்போது
வாயில் விதை இருந்ததால் சத்தம் வரவில்லை.
மோவாய் மட்டும் அசைந்தது.
பன்னிரண்டில் தடுக்கி
முதலிலிருந்து தொடங்கினான்.

பக்கத்தில் மூட்டையோடு இருந்த அம்மா
என்னைப் பார்த்தாள், சவுமுவைப் பார்த்தாள்.
"ரெண்டு பேரும் எந்த ஊர்?"

என் வாயிலும் விதை.
துப்ப இடம் தேடினேன்.
கடல் எல்லாப் பக்கமும் இருந்தும்
துப்ப மனம் வரவில்லை.
பயணச்சீட்டில் மடித்து வைத்தேன்.
அவள் இன்னும்
என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.