பக்கவாட்டில் அலை

உச்சிப்புளி ரயில்வே கேட்டில் பஸ் நின்றபோதே
கனகமேரிக்கு வாந்தி.
வேதாளையிலிருந்தும் மரைக்காயர்பட்டினத்திலிருந்தும்
நாற்பத்தொரு பேர், ஆளுக்கொரு நீலத் தொப்பி,
நெற்றியில் 'வருங்காலப் பொறியாளர்' என்று அச்சடித்து.
என் தலைக்கு அது பெரிது.
வருங்காலம் இறங்கி வந்து கண்ணை மறைத்தது.

கல்லூரியில் முதலில் கேசரி,
பிறகு ஒரு படிவம். தகப்பனார் தொழில் கேட்டார்கள்.
தாயார் தொழிலுக்குக் கோடு இல்லை.
ஓரத்தில் நானே எழுதினேன்:
பாசி எடுப்பது.

மூன்றாவது கூடத்தில் அந்தக் கண்ணாடித் தொட்டி.
எங்கள் சந்து நீளம், இடுப்பளவு தண்ணீர்.
ஒரு கோடியில் இரும்புப் பலகை
முன்னும் பின்னும் ஆட,
அலை.

"இதக் காட்டவா இம்புட்டுத் தூரம்?"
என்றான் நம்புக்குமரன்.
எல்லோரும் சிரித்தோம்.

பிறகுதான் குனிந்தேன்.
அலையை மேலிருந்து பார்த்திருக்கிறேன்.
அம்மாவோடு தீவுப் பக்கம்
மரிக்கொழுந்துக்கு மூழ்கும்போது
மூக்காலும் காதாலும் பார்த்திருக்கிறேன்.
பக்கவாட்டில் பார்த்ததில்லை.

மூன்றாமாண்டு ஷாஜிதா அக்கா
ஒரு சொட்டுச் சிவப்பு மை விட்டாள்.
அலை போனது. மை போகவில்லை.
நின்ற இடத்தில் ஒரு வட்டம்,
மறுபடி ஒரு வட்டம்.
"தண்ணி எங்கயும் போகாது. அசைவுதான் போகும்."

அப்படியென்றால் போன மார்கழியில்
வாடைக்காற்று நாளில்
வடகடலில் எங்கள் மூங்கில் மிதவையை
முறித்துப்போட்டது எது?

கை தூக்கினேன். தொப்பி விழுந்தது.
"இதுல ஒரு மிதவ கட்டி விடலாமாக்கா?
நாலு மூலைக்கும் கயிறு.
எது மொதல்ல அறுதுன்னு பாக்கணும்."

அக்கா சாரைப் பார்த்தாள்.
சார் கடிகாரத்தைப் பார்த்தார்.
அடுத்து கம்ப்யூட்டர் லேப்.
"தெரியல. இங்க யாரும் கட்டிப் பாத்ததில்ல,"
நடந்துகொண்டே சொல்லி
உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டாள்:
நம்புச்செல்வி, பதினொன்று பி.

ராத்திரி.
மீன் வைக்கும் தெர்மோகோல் பெட்டி, அடிஸ்கேல்,
விளக்கமாற்றுக் குச்சியில் மிதவை,
ஒற்றைப் புரியாகப் பிரித்த தையல் நூல்.
மைக்குப் பதில் மிளகாய்த்தூள்.
பதினோரு மணிக்கு ஒரு மூலை அறுந்தது.
புது நூல் கட்டினேன்.
மறுபடி அதே மூலை.

"விடியக்காலம் அந்தப் பெட்டி வேணும்டி,"
புரண்டு படுத்தாள் அம்மா.
"நல்லாக் கழுவி வையி. மீன்ல காரம் ஏறிரும்."

விளக்கை அணைத்தேன்.
கொஞ்ச நேரம் கழித்து, இருட்டில்:

"எந்த மூல?"