நாலாவது தடவை

ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே,
பாத்திரக் கடை மாடியில் எங்கள் லேப்.
இரண்டு நாற்காலி, ஒரு குளிர்பெட்டி,
மழைக்கு ஊதிப்போய்ச் சாத்த முடியாத கதவு.
அங்கம்மா முதலில் வந்தது மே மாதம்.
அட்டை கடித்த காலில் சவர்க்காரம் அப்பியிருந்தாள்.

"கப்பல் ஏறணும்னா மூக்கில குச்சி விடணுமாமே."

வேலைக்கா என்றேன்.
"இல்ல. சுத்திப் பாக்க."
சொல்லிவிட்டு, திருடிய பொருளைக் காட்டியதுபோல்
தரையைப் பார்த்தாள்.
மகள் நிரோஷாவுக்கு அந்தக் கப்பலில் துணி வெளுக்கிற வேலை.
மூன்று வருடம் முடித்தவர்கள்
தாயையோ தகப்பனையோ ஐந்து இரவு
பயணியாய் ஏற்றிக்கொள்ளலாமாம்.

அப்போது எழுபத்திரண்டு மணி நேரம்.
குச்சி போனது. கண் கலங்கியது. சிரித்தாள்.
ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய்.
"ஆறரை நாள் கொழுந்து" என்று
ரசீது எழுதுமுன் அவளே கணக்குச் சொன்னாள்.
அன்றைக்கு அரைப் பேர்கூட விழாது.
மாதிரி தபால் ரயிலில் கொழும்புக்கு இறங்கியது.
முடிவு வந்தது: தொற்று இல்லை.
எழுபத்தைந்தாவது மணியில்.

ஜூலையில் நாற்பத்தெட்டு என்றார்கள்.
எங்கே உட்கார்ந்து மாற்றுகிறார்களோ தெரியாது,
கடல் மட்டத்தில் கடிகாரம் பார்க்கிறவர்கள்.
நாலாயிரம் அடிக்கு மேலே ஒரு மணி நேரம் என்பது
கினிகத்தேனையில் மண் சரிந்தால் ஆறு மணி நேரம்.
அதை அவர்களுக்கு யார் எழுதுவது?
அந்தத் தடவை முடிவு நேரத்துக்கு வந்தது,
பாதைதான் வரவில்லை.
வட்டவளையில் நின்ற பஸ்ஸுக்குள்
சுத்தமான காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு
கப்பல் புறப்படும் நேரம் கடக்கும்வரை
உட்கார்ந்திருந்தாளாம்.

செப்டம்பரில் இருபத்து நாலு.
விலை குறைவு, ஆனால்
வீடியோவில் ஒரு நர்ஸ் பார்த்தபடி இருக்க வேண்டும்.
தண்ணீர்ப் போத்தலில் போனைச் சாய்த்து வைத்தேன்.
அந்த நர்ஸ் எந்த நாடோ, ஜன்னலில் வெயில்.
பாஸ்போட்டைத் தூக்கச் சொன்னாள், தூக்கினாள்.
வாயைத் திறக்கச் சொன்னாள், திறந்தாள்.
அந்த நேரம் பார்த்துப் பனி இறங்கி
சிக்னலை எடுத்துக்கொண்டு போனது.
இருவரும் வாய் திறந்தபடி
ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார்கள்.

முகக்கவசத்தை ஏற்றிக்கொண்டே சொன்னாள்:
"எங்க பாட்டனயும் மண்டபத்தில நாக்க நீட்டச் சொல்லித்தான்
கப்பல்ல ஏத்துனாங்களாம்.
அவருக்கு ஒரே தடவதான்."

இரண்டாம் முறை முயன்றதற்கு நான் காசு வாங்கவில்லை.
அதுவும் செல்லாது என்று இரவு பதில் வந்தது.

நவம்பர். விடியப் பெய்து ஓய்ந்திருந்தது.
சாம்பல் சூட்கேசும் கையுமாக வந்தாள்,
மூடியில் கயிறு கட்டி.
நான் சொல்லுமுன்னே நாற்காலியில் தலையைச் சாய்த்தாள்,
பழகிப்போய்.

"இனி வேண்டாம். சோதனைய எடுத்துட்டாங்க."
"எப்ப?"
"இண்டைக்குக் காலைல."

தலை சாய்ந்தபடியே இருந்தது.
"அப்ப நான் சுகமா இருக்கேன்னு யாரு சொல்றது?"
"நீங்களே சொல்லலாம். ஒரு பாரம் இருக்கு."

படித்துக் காட்டினேன்.
காய்ச்சல், இல்லை.
மூச்சுத் திணறல், இல்லை.
இருமல்.

கீழே ஒரு சட்டி விழுந்து உருண்டு
வெகுநேரம் கழித்து அடங்கியது.

"ரெண்டு நாளா," என்றாள். "மழையில கொழுந்து நிறுத்தோம்ல."

அவள் என்னைப் பார்த்தாள்.
நான் குளிர்பெட்டியைப் பார்த்தேன்.
மூன்று தடவை நெஞ்சு சுத்தமாய் வந்தவள்.

"கொழும்பு, கொழும்பு" என்று நடத்துனர் கூவத் தொடங்கினான்.
பாரத்தை நாலாய் மடித்து ரவிக்கைக்குள் செருகினாள்.
"பஸ்ஸுல போட்டுக்கிறேன் தம்பி. பேனா இருக்கு."

படியில் ஒருமுறை இருமினாள்.
பாத்திரக் கடை வாசலில் இன்னொருமுறை,
வாயைப் பொத்திக்கொண்டு.

உறை பிரிக்காத குச்சி என் கையில் இருந்தது.
டப்பாவுக்குள் திருப்பி வைத்தேன்.
அன்றைய கணக்கில் ஒன்றும் குறையவில்லை.