பந்து இல்லாத பக்கம்

ஒரு கிளிப்புக்குப் பதினொரு ரூபாய்.
பந்து மட்டை மாறினால் ஒரு தட்டு,
பறித்தால் இரண்டு,
வட்டத்துக்குள் நுழைந்தால் சிவப்பு விசை.
பதினாறு வயதுக்குட்பட்ட பெண்கள் தெரிவு,
ரீட் மாவத்தை மைதானம், மழை விட்ட சனிக்கிழமை.
நான் வெள்ளவத்தையில், மூன்றாம் மாடியில்,
மின்விசிறியின் கடகடப்புக்குக் கீழே
அவர்களை எண்ணாக்கிக்கொண்டிருக்கிறேன்.

குறை சொல்ல வரவில்லை.
என் காலத்தில் கமரா இல்லை.
வெள்ளைத் தொப்பி போட்ட ஒருவர் கதிரையில் இருந்தார்.
கேட்டது ஒரே கேள்வி: எந்த ஸ்கூல்?
சொன்னேன்.
அவர் பேனையை மூடிய சத்தம்
இன்னும் என்னிடம் இருக்கிறது.

அதனால் இந்த மென்பொருள் வந்த முதல் கிழமை
எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.
ஸ்கூல் கேட்காது. அப்பாவின் தொழில் கேட்காது.
பேரை வாசிக்கப்போய் நாக்குப் பிசகாது.
எல்லோரும் அதற்கு ஓர் இலக்கம்,
பச்சைத் திரையில் வால் முளைத்த ஒரு புள்ளி.

இன்றைக்கு இருபத்திரண்டு பிள்ளைகள்,
பதினாறு உடுப்பு.
முதுகில் தீப்பெட்டி அளவு கருவி செருகிய உடுப்பு;
தூரம், வேகம், இதயம் எல்லாம் சொல்லும்.
முதலில் வந்தவர்களுக்கு முதலில் என்றார்களாம்.
நியாயம்தானே.
முதலில் வந்தவர்கள் காரில் வந்தவர்கள்.
மட்டக்குளி 155 பஸ்
வெள்ளத்தில் நின்று நின்று வந்தது.

இலக்கம் பதினான்கு, பிரிசில்லா.
தூரம் 0. வேகம் 0. இதயம் 0.
இதயத்துக்கு நேரே பூச்சியம் விழுந்த பிள்ளை
ஐம்பது நிமிடமாக ஓடிக்கொண்டிருக்கிறாள்.

கமரா இருக்கிறதே என்று தேடினேன்.
அது பந்தின் பின்னால் போகும்; பழக்கியது அப்படி.
அவளோ பந்து வரப்போகிற இடத்துக்கு
முன்னமே போய்விடுகிறாள்.
திரையின் ஓரத்தில் சப்பாத்து மட்டும் தெரிகிறது,
ஒன்றுக்கு நீல லேஸ், மற்றதுக்குப் பச்சை.
எதிரணிப் பிள்ளை தலை தூக்குகிறாள்,
அந்தச் சப்பாத்தைக் காண்கிறாள்,
அடிக்காமல் திரும்புகிறாள்.
பத்தொன்பது தரம்.
நடக்காத பத்தொன்பது பாஸ்.
நடக்காததற்கு என்னிடம் விசை இல்லை.

ஒரே ஒரு தரம் முழுதாய் வந்தாள்.
கிரவல் தரையில் பழகிய கால்,
நனைந்த டேர்ஃபில் வழுக்கி விழுந்தாள்.
எழும்பி, பாவாடையைத் தட்டி,
யாரையும் பார்க்காமல் ஓடினாள்.
அதற்கு விசை இருக்கிறது: 'இழப்பு.'
அழுத்தினேன். என் வேலை அது.

கடைசியில் 'குறிப்பு' என்றொரு பெட்டி, நாற்பது எழுத்து.
யாரும் நிரப்புவதில்லை, அதற்குக் காசில்லை.
தமிழில் எழுதினேன்:
இவளால்தான் இடப்பக்கம் கோல் இல்லை.
திறந்து பார்த்தால் கட்டம் கட்டமாக,
ஜன்னல் எல்லாம் மூடிய தொடர்மாடி போல.
அழித்துவிட்டு இங்கிலீஷில் எழுத,
பாதியில் இடம் முடிந்தது.

பிறகு விரல் 'பறித்தல்' விசைக்கு மேலே போய் நின்றது.
பத்தொன்பது தரம் அழுத்தினால்
பட்டியலில் ஏழாவதாக வருவாள்.
எட்டாவதாக இருப்பவள் விழுவாள்.
அவளும் சும்மா நிற்கவில்லை;
அவள் இதயம் 191.

விரலை எடுத்தேன்.
'தெளிவில்லை, நேரில் பார்க்கவும்' என்று
பதினான்கின் கிளிப் எல்லாவற்றுக்கும் கொடி போட்டேன்.
கொடி போட்டதற்குப் பதினொரு ரூபாய் கிடையாது.
நாற்பத்து மூன்று கிளிப்.

நேரில் யார் பார்ப்பார்கள் என்று
அதில் எங்கும் எழுதியிருக்கவில்லை.
வெள்ளைத் தொப்பியாகக்கூட இருக்கலாம்.