மேற்கே இரண்டு பாகை

ஞாயிற்றுக்கிழமை. டோக்கன் இல்லை, ஐஸ் இல்லை.
மண்டபம் வடகடலில் ஒரு விசைப்படகு
வேலையில்லாமல் ஆடிக்கொண்டிருக்கிறது.
பூசைக்குப் போட்ட சட்டையோடு டிரைவர் கஸ்பார்,
தூக்கம் கலையாத ரீகன்,
ஸ்க்ரூ டிரைவரைப் பல்லில் கடித்தபடி நான்.
நடுவில், உள்ளங்கை அகலத்தில்
எண்களால் மட்டும் பேசும் திசைகாட்டி.

முன்பு பொருத்திப்போனவன்
கூட்டல் போட்டு வைத்திருந்தான்.
இந்தக் கடலில் காந்தத்தின் வடக்கு
மெய்யான வடக்குக்கு மேற்கே
இரண்டு பாகை ஒதுங்கி நிற்கிறது.
மேற்கென்றால் கழித்தல். சின்னப் படுக்கைக் கோடு.
அதன்மேல் அவன் ஒரு நெட்டைக் கோட்டை நிறுத்திவிட்டான்.

"ஆக மொத்தம் நாலு பாகைப் பிழை" என்றேன்.
"நாலுதானேக்கா" என்றான் ரீகன்.
இருபது மைல் ஓடினால்
ஒன்றரை மைல் தள்ளி நிற்பாய்,
திரையோ சரியான இடம் என்று சொல்லும்.
அவன் கிழக்கே பார்த்தான்.
கோடு எதுவும் தெரியவில்லை,
தண்ணீருக்குப் பக்கத்தில் தண்ணீர்.
கஸ்பார் பார்க்கவில்லை.
அவன் மச்சினன் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தது
அந்தத் தெரியாத கோட்டுக்கு அந்தப் புறத்துச் சிறையில்.

கழித்தல் போட்டேன்.
மெதுவாக இரண்டு சுற்றுச் சுற்றச் சொன்னேன்.
எஞ்சின், நங்கூரம், ஆணி என்று
படகின் இரும்பையெல்லாம் அது தானே அறிந்துகொள்ளும்.
பூமியின் கோணலை மட்டும்
யாராவது சொல்லித்தான் ஆகவேண்டும்.

பாம்பன் வெளிச்சவீட்டுக்கு நேரே அணியத்தைப் பிடித்தோம்.
வரைபடத்தில் நூற்றுப் பன்னிரண்டு.
திரையில் நூற்று இருபத்து மூன்று.

வயரை உருவினேன், செருகினேன்.
பையிலிருந்த ஸ்பேனரைப் பின்பக்கம் அனுப்பினேன்.
ரீகனின் போனைப் பிடுங்கினேன்.
நூற்று இருபத்து மூன்று.

அப்புறம்தான் கண்ணில் பட்டாள்,
திசைகாட்டிக்கு ஒரு சாண் தள்ளி
நீல முக்காட்டோடு மாதா.
பாதத்துக்கு அடியில் வட்டக் காந்தம்.
"சுத்தும்போது விழுந்துருவாங்கன்னு
மடியில வச்சிருந்தேன்" என்றான் கஸ்பார்.
"இப்பத்தான் திரும்ப நிப்பாட்டுனேன்."

"எடுத்துருவமா?" என்று ரீகன் கேட்ட கேள்வி
யார் காதிலும் விழாத மாதிரி
கொஞ்ச நேரம் எஞ்சின் ஓடியது.

"அவங்க அங்கேயே இருக்கட்டும்" என்றேன்.
"மறுபடி ரெண்டு சுத்து."
இந்த முறை அவளையும் சேர்த்து
எண்ணிக்கொண்டது கருவி.
நூற்றுப் பதின்மூன்று. அலை அடித்தால் பன்னிரண்டு.
போதும்.

வெள்ளை டேப்பில் எழுதி ஒட்டினேன்:
மே. 2°. மாதாவை நகர்த்தாதே.
கீழே தேதி.
"தேதி எதுக்கு?"
"வருஷாவருஷம் கொஞ்சம் மாறும். வடக்கு நகரும்."

கஸ்பார் சுக்கானை விட்டுவிட்டுத் திரும்பினான்.
வாடை அப்போதுதான் எழும்பி
அவன் பூசைச் சட்டையை உப்பவைத்திருந்தது.
"அப்ப இந்தக் காத்து
எந்த வடக்குலேர்ந்து வருது?"

மெனுவை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன்.
அதற்கு அதில் இடம் இல்லை.