நாற்பத்தொன்றாம் குழாய்

"பயோவா? அப்ப டாக்டர்தானே?"
பொகவந்தலாவை பஸ்ஸில்
முன் சீட்டிலிருந்து திரும்பிக் கேட்டவருக்கு
தசம் பூச்சியம் மூன்றை எப்படி விளக்குவேன்?
வெட்டுப்புள்ளிக்கு அந்தப் பக்கம் வெள்ளைக் கோட்டு.
இந்தப் பக்கம் பேராதனை,
விஞ்ஞான பீடம், விலங்கியல் சிறப்பு.

நாலாம் வருடம் ஆய்வுத் தலைப்புகளைச்
சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள்.
சந்துனிக்கு வண்ணத்துப்பூச்சி.
ஜெயரூபனுக்கு மகாவலி மீன்.
எனக்கு அட்டை.

அது குடித்த ரத்தத்தைப் பிரித்து வாசித்தால்
காட்டில் எதெது நடமாடுகிறதென்று தெரியுமாம்.
மரை, பன்றி, முயல், பெயர் வைக்காத ஓர் எலி,
எல்லாம் அதன் வயிற்றில்
கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கும்.
சிரிப்பு வந்தது.
அட்டையைப் பற்றி எங்களுக்கா பாடம்?
சவர்க்காரம் தேய்த்த கெண்டைக்கால்,
சேலை மடிப்பில் சுண்ணாம்புப் பொட்டலம்,
அந்தியில் வாசலில்
படங்குச் சாக்கை உதறும் சத்தம்.

காடு, எங்கள் தோட்டத்துக்கு மேலேயே கிடைத்தது.
நாலாம் நம்பர் மலையைத் தாண்டினால் போதும்.
அம்மா இருபத்தாறு வருடமாக ஏறுகிற மலை.
நான் ஏறுவதற்கு
முத்திரை குத்திய மூன்று கடிதங்கள் வேண்டியிருந்தன.
தொரை கையெழுத்திட்டுவிட்டு
"எந்த ஊர், மிஸ்?" என்றார்.
அவருடைய சன்னலுக்கு வெளியே கை காட்டினேன்.
லயத்துத் தகரத்தில் வெயில் பட்டுக்கொண்டிருந்தது.

அறுபது அட்டை, அறுபது குழாய்.
எத்தனாலில் சுருண்டு கிடந்தன, மிளகு மிளகாய்.
மரை, மரை, பன்றி, மரை,
ஒன்றில் வாசிக்க எதுவுமில்லை,
மறுபடி மரை.
நாற்பத்தொன்றில்
மனிதர்.

கலாநிதி வீரக்கோன் திரையை எட்டிப் பார்த்தார்.
"மாசு. உங்கள் கையிலிருந்து வந்திருக்கும்.
நீக்கிவிடுங்கள்."
கையுறை போட்டிருந்தேன், சேர்,
என்று சொல்லவில்லை.
குறிப்பேட்டில் இருக்கிறது:
செவ்வாய், காலை பத்தரை, தூறல்,
தேயிலையும் காடும் முட்டுகிற கான் ஓரம்.
அந்தக் கானோரம் தினமும்
தேத்தண்ணிக்கு உட்காரும் பதினொரு பேரையும்
எனக்குப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரியும்.
அதில் ஒருத்தி
என்னை இந்தப் படிப்புக்கு அனுப்பியவள்.

ஆய்வேட்டில் ஐம்பத்தொன்பது மாதிரி என்று எழுதினேன்.
இரண்டாம் வகுப்பு, மேற்பிரிவு.

பிறகு?
சந்துனி நோர்வேயில், பனியில் நின்று படம் அனுப்புகிறாள்.
ஜெயரூபன் மருந்துக் கம்பனிப் பையை மாட்டிக்கொண்டு
ஹட்டனுக்கும் நானுஓயாவுக்கும் நடுவே
மோட்டார் சைக்கிளில் நனைகிறான்.
துவாரகா வங்கியில்.
கலப்பிரிவு பற்றி ஒருத்தரும் கேட்பதில்லை,
நிம்மதி என்கிறாள்.
நான் பதினாலு மாதம் வர்த்தமானி பார்த்தேன்.
"அட்டையப் படிச்சிப்புட்டு என்னா வேலைக்குப் போறது?"
பக்கத்துக் காம்பராவில்
கேலியாகக் கேட்கவில்லை,
உண்மையாகவே கேட்டார்கள்.

பஸ்மிலாதான் போன் எடுத்தாள்.
"ஹட்டன்ல ஒரு லாப்.
மனுச ரத்தம் மட்டும்தான். வாறியா?"

முதல் நாள், முதல் குழாய், ஊதா மூடி.
பெண். முப்பத்தெட்டு. கொழுந்து எடுப்பவர்.
இயந்திரம் ஏழு தசம் ஆறு என்றது.
பழுதாக்கும் என்று மறுபடி வைத்தேன்.
ஏழு தசம் ஆறு.
பின்னேரத்துக்குள் இருபத்திரண்டு குழாய்;
பெண்களில் பத்தைத் தாண்டியது மூன்றுதான்.

நாற்பத்தொன்றைப் பற்றி
பஸ்மிலாவிடம் சொல்லலாமென்று வாயெடுத்தேன்.
அவள் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தபடி
"முதல்ல கையக் கழுவு" என்றாள்.